யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?

சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. சிறையில் இருப்பவர்களின் குடும்பங்களைப் பற்றி ஆராய வேண்டும் என்பது அவர் விருப்பம். யாரும் வெளியே சொல்லிக்கொள்கிற விஷயம் இல்லை என்பதால் ஆறு மாதம் அலைந்தும் நேரில் நான்கு பேர்கூடக் கிடைக்கவில்லை. இணையத்திலோ அப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே குழுக்கள் இருக்கின்றன, வருடக்கணக்கில் சேர்ந்த பதிவுகள் இருக்கின்றன. "யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கிடப்பதை எடுத்துக்கொள்ள அனுமதி எதற்கு? இதை வைத்தே ஆய்வேடு எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா?" என்கிறார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும். முதல் கேள்விதான் வில்லங்கமானது. அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் தலைப்பு விஷயம். மறைந்திருக்கும் மக்கள் என்று நாம் சொல்வதற்கு 1997இல் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தான் கொடுத்த விளக்கம் இன்றும் கைகொடுக்கிறது. மொத்தம் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, மாதிரி எடுக்கப் பெயர்ப்பட்டியல் கிடையாது. அதோடு, 'இவரும் அதில் ஒருவர்' என்று தெரிந்தாலே அவமானமோ ஆபத்தோ வரும் என்பதால் கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். கைதிகளுக்காவது சிறைப் பதிவேடு இருக்கிறது. அவர்களின் மனைவிக்கும் தாய்க்கும் தங்கைக்கும் எந்தப் பதிவேடும் இல்லை. களங்கத்தைப் பற்றி 1963இல் எழுதிய சமூகவியலாளர் இர்விங் கோஃப்மன், தான் எதுவும் செய்யாமலே அடுத்தவரின் களங்கம் வந்து ஒட்டிக்கொள்ளும் இந்த நிலையைத் தனியாகக் குறிப்பிட்டார். இன்னொரு வேறுபாட்டையும் அவர் காட்டினார். பார்த்ததும் தெரிந்துவிடும் களங்கம் ஒன்று, தெரிந்தால்தான் களங்கமாகும் ரகசியம் இன்னொன்று. முதல் வகையில் மாட்டியவருக்கு எதிரே இருப்பவரின் சங்கடத்தைச் சமாளிப்பதுதான் வேலை. இரண்டாவது வகையினருக்கோ யாரிடம், எவ்வளவு, எப்போது சொல்வது என்ற கணக்குதான் அன்றாட வாழ்க்கை. உங்கள் ஆட்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

இப்போது இணையத்துக்கு வாருங்கள். திரையில் உங்களுக்குக் கிடைப்பது அந்த மக்கள் இல்லை, அவர்களில் சிலர் ஓரிடத்தில் பேசிய பேச்சு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் நான் படித்த மாணவர் வரைவுகளில் அதிகம் கண்ட பிழை. "மொத்தப் பதிவுகளில் இத்தனை சதவீதம் தனிமையைப் பற்றிப் பேசுகின்றன, ஆகவே இத்தனை சதவீதக் குடும்பங்கள் தனிமையில் வாடுகின்றன" என்று எழுதிவிடுவார்கள். ஒரே ஆள் நானூறு பதிவு போட்டிருப்பார், இன்னொருவர் ஒன்றோடு நிறுத்தியிருப்பார். எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். 2000ஆம் ஆண்டில் பிளேர் நானெக்கியும் ஜெனி பிரீஸும் மின்னஞ்சல் குழுக்களில் இதை எண்ணிப் பார்த்தார்கள். உடல்நல உதவிக் குழுக்களில் ஏறத்தாழ 46 சதவீதமும், மென்பொருள் உதவிக் குழுக்களில் 82 சதவீதமும் வாய் திறக்காதவர்கள். இத்தனைக்கும் அவை உறுப்பினராகச் சேர்ந்தவர்களைக் கொண்ட குழுக்கள். திறந்து கிடக்கும் தளத்தில் வந்து படித்துவிட்டுப் போகிறவரை எண்ணவே முடியாது.

இதில் காலமும் ஒரு சல்லடை. கைதான முதல் வாரம், தீர்ப்பு நாள், முதல் சந்திப்புக்கு முந்தைய இரவு போன்ற வேளைகளில்தான் ஒருவர் தேடி வந்து எழுதுவார். பழகிப்போனவர் எழுதுவதை நிறுத்திவிடுவார். அதனால் சேமிப்பில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் அதிர்ச்சியின் குரல். ஐந்தாம் ஆண்டின் அலுப்பு அங்கே அதிகம் இருக்காது.

ஆகவே 'சிறையிலிருப்போர் குடும்பங்களின் வாழ்க்கை' என்று தலைப்பு வைக்காதீர்கள். 'இன்ன குழுவில் இவர்கள் ஒருவருக்கொருவர் எதைச் சொல்லிக்கொள்கிறார்கள்' என்று வையுங்கள். குறுகலான தலைப்பு என்று வருத்தப்பட வேண்டாம், அதில்தான் சரக்கு இருக்கிறது. நேர்காணலில் ஒருவர் உங்களுக்காகப் பேசுகிறார். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று ஒரு கண் உங்கள் மேலேயே இருக்கும். குழுவில் அவர் பேசுவது தன்னைப்போன்ற இன்னொருத்தியிடம். முகம் பார்க்காமல் பேசும்போது வெளிப்படை கூடுகிறது என்பதற்குப் பழைய ஆதாரமே உண்டு. 1996இல் ரோஜர் டூரஞ்சோவும் டாம் ஸ்மித்தும் செய்த ஆய்வில், கேள்வி கேட்க ஆள் உட்கார்ந்திருந்ததைவிடக் கணினியில் தாமே பதில் தட்டியபோது போதைப்பொருள், பாலுறவு பற்றி மக்கள் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள்.

இதை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் பாட்ரிசியா ஆட்லர், பீட்டர் ஆட்லர் தம்பதியர். தம்மைத்தாமே வெட்டிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் காயப்படுத்திக்கொள்கிறவர்களைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஆழ நேர்காணல்களைச் செய்து, இணையப் பதிவுகளையும் பல்லாயிரக்கணக்கில் சேர்த்து 2011இல் முழு நூலாக வெளியிட்டார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, இணையத்தை அவர்கள் தகவல் கிடங்காக மட்டும் பார்க்கவில்லை என்பது. அதுவரை தன்னைத் தவிர உலகில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை என்று நம்பிக்கொண்டு தனியாகச் செய்தவர்களுக்கு, இணையம் வந்தபின் கூட்டாளிகளும் கலைச்சொற்களும் 'இது இப்படித்தான்' என்கிற பாடமும் கிடைத்தன. அதாவது, இடமே ஆட்களை மாற்றியது. உங்கள் குழுவிலும் அதைத் தேடுங்கள். புதிதாக வந்தவளின் முதல் பதிவையும், அதே கணக்கின் முப்பதாவது பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சொற்களைக் கைவிட்டிருக்கிறாள், எந்தச் சொற்களைக் குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதிலேயே ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

"பொய்யாக எழுதியிருந்தால்?" என்று வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள். பொய் உண்டு. இல்லாத நோயை இணையக் குழுக்களில் இருப்பதாகச் சொல்லி அனுதாபம் தேடுகிறவர்களுக்கு 2000இலேயே மனநல மருத்துவர் மார்க் ஃபெல்ட்மன் ஒரு பெயர் வைத்துவிட்டார். வாழ்க்கை விவரங்களைச் சேகரிக்கிற ஆய்வு என்றால் இது பெரிய ஓட்டை. பேச்சை ஆராய்கிறவருக்கு அவ்வளவு நஷ்டமில்லை. ஒரு கட்டுக்கதையைக் குழு ஒரு வருடம் நம்பியது என்றால், நம்பும்படியான கதை எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தப் பொய்யர் கச்சிதமாகக் கற்றிருக்கிறார் என்று பொருள். அதைவிட நல்ல தகவலாளர் யார்?

இனி அந்த வில்லங்கமான கேள்வி. பொதுவில் இருப்பதற்கு அனுமதி எதற்கு?

2014 அக்டோபர் 29 அன்று, தற்கொலைத் தடுப்புக்காகப் பல பத்தாண்டுகளாக உழைக்கும் பிரிட்டனின் சமாரிட்டன்ஸ் அமைப்பு ஒரு செயலியை வெளியிட்டது. நீங்கள் பின்தொடரும் ஒருவர் ட்விட்டரில் மனமுடைந்து எழுதினால் செயலி கண்டுபிடித்து உங்களுக்குத் தகவல் அனுப்பும். நல்ல நோக்கம்தான். எடுத்ததும் பொதுப் பதிவுகளை மட்டுமே. ஆனால் மனநலச் சிக்கல்களோடு வாழ்கிறவர்களே கொதித்தெழுந்தார்கள். எழுதியவருக்குத் தெரியாமல் அவரைக் கண்காணிக்கும் ஏற்பாடு இது, துன்புறுத்துகிறவர் கையில் கிடைத்தால் எப்போது அடிக்கலாம் என்று சொல்லித்தரும் என்றார்கள். நவம்பர் 7 அன்று, பத்து நாள்கூட ஆகும் முன், செயலி நிறுத்தப்பட்டது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. இருந்தும் தங்களிடமிருந்து ஏதோ பறிக்கப்பட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். அந்தரங்கம் பற்றி ஆராயும் ஹெலன் நிசன்பாம் 2004 முதல் எழுதிவருவது இதைத்தான். தகவல் பொதுவா, தனியா என்று கேட்டால் போதாது. எந்த இடத்தில், எந்த எதிர்பார்ப்போடு சொன்னார், இப்போது அது எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். பேருந்தில் முன்னிருக்கைப் பேச்சு காதில் விழுவது வேறு, அதை எழுதியெடுத்து அச்சிடுவது வேறு.

இதைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கீழே இருப்பது நானே உருவாக்கிய பதிவு, எங்கிருந்தும் எடுத்ததில்லை:

"அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேத்து பள்ளியில் கொடுத்த உலக உருண்டையைத் தூக்கிட்டு வந்து எந்த நாடுன்னு காட்டச் சொல்றா. கை தானா போய் ஏதோ ஒரு நாட்டைத் தொட்டுடுச்சு. இனி அந்த நாட்டைப் பத்தி நான் படிக்கணும்."

ஆய்வேட்டில் அப்படியே எடுத்துப்போடக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுக்கும். ஒரு பொய் எப்படிப் பராமரிப்புச் செலவு கேட்கிறது என்று இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஆனால் இதில் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுபொறியில் போட்டால், உண்மையான பதிவாக இருந்தால், சில நொடிகளில் மூலப் பதிவு வந்து நிற்கும். அங்கிருந்து அந்தக் கணக்கின் மற்ற பதிவுகள், அவற்றில் ஊர், குழந்தையின் வயது, வழக்கு. 'பங்கேற்பாளர் 7' என்று நீங்கள் போட்ட முகமூடி அவ்வளவுதான். எண் கொடுத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை 2006இலேயே பொய்த்துவிட்டது. ஏஓஎல் நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பயனர்களின் 2 கோடி தேடல்களைப் பெயரை நீக்கி எண்ணிட்டு ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. சில நாட்களில் செய்தியாளர்கள் ஒரு எண்ணுக்குரிய பெண்ணின் வீட்டுக் கதவையே தட்டினார்கள். அவர் தேடிய சொற்களே அவரைக் காட்டிக்கொடுத்தன.

தேடுபொறியை ஏமாற்றுவது பெரிய காரியமில்லை. சொற்களை மாற்றினால் போதும், வேறு மொழியில் எழுதினால் இன்னும் நல்லது. எனக்குப் பயம் தேடுபொறியைப் பற்றி இல்லை, நாத்தனாரைப் பற்றித்தான். எந்த மொழியில் எப்படி மாற்றி எழுதினாலும் அந்த உலக உருண்டை அங்கேயே இருக்கும். அன்று அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு வரியில் கண்டுபிடித்துவிடுவார். களங்கத்தோடு வாழ்கிறவருக்கு ஆபத்து முன்பின் தெரியாதவரால் வருவது குறைவு, பாதி தெரிந்தவரால் வருவதே அதிகம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்களே, அந்த வாய் பெரும்பாலும் உறவுக்காரருடையது.

அப்படியானால் என்ன செய்வது? இணைய ஆய்வாளர் ஏமி பிரக்மன் 2002இல் இந்த மறைப்பைப் படிநிலைகளாக்கிக் காட்டினார். குழுவின் பெயரைச் சொல்லி ஆளின் பெயரை மட்டும் மாற்றுவது மெல்லிய மறைப்பு. குழுவின் பெயரும் இல்லாமல், நேரடி மேற்கோளும் இல்லாமல், வேண்டுமென்றே சில விவரங்களைப் பொய்யாக்குவது கனத்த மறைப்பு. 2012இல் அனெட் மார்க்கம் ஒரு படி மேலே போனார். பலரின் பேச்சைக் கலந்து ஒரு புதிய பேச்சை உருவாக்குவது மோசடி ஆகாது, அறநெறியான முறையாகவே இருக்கலாம் என்றார், எப்படிச் செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் பட்சத்தில். உங்கள் ஆய்வுக்கு நான் கனத்த மறைப்பையே சொல்வேன். உலக உருண்டையை எடுத்துவிடுங்கள். பொய் சொன்ன தாய் அந்தப் பொய்யைப் பற்றிப் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது என்ற அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, நேர வித்தியாசம் என்று மாற்றுங்கள்: 'அப்பாவுக்கு இப்போ பகலா ராத்திரியா' என்று குழந்தை கேட்பதாக. சமூகவியல் அப்படியே இருக்கிறது, நாத்தனாருக்குப் பிடி கிடைக்கவில்லை. அந்த வரியை நேரடியாகத்தான் தர வேண்டும் என்றால் ஒரே வழி, எழுதியவருக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்பது. பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அழிக்கப்பட்ட பதிவுகளைப் பற்றியும் ஒரு சொல். ஒரே ஒரு பதிவுக்காகக் கணக்குத் தொடங்கி, மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகிறவர்கள் இத்தகைய குழுக்களில் சகஜம். நீங்கள் மொத்தமாக இறக்கி வைத்த கோப்பில் அது அழியாமல் இருக்கும். சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். அங்கே இல்லாதது உங்களிடமும் இருக்க வேண்டாம். சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, நான் இதில் விடாப்பிடி.

ஒளிந்திருந்து கவனிப்பது? சமூகவியலாளர் லாட் ஹம்ஃப்ரிஸின் நிழல் இங்கே விழாமல் இருக்காது. 1970இல் வெளிவந்த ஆய்வுக்காக, பொதுக் கழிப்பறைகளில் ஆண்கள் உறவுகொள்வதைக் காவலுக்கு நிற்பவர்போல நின்று கவனித்தார். கார் எண்களைக் குறித்து முகவரிகளைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு உடல்நலக் கணக்கெடுப்பு என்ற பெயரில் அவர்கள் வீட்டுக்கே போனார். பலர் மணமானவர்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள் என்ற கண்டுபிடிப்பு முக்கியமானது. வழிமுறைதான் இன்றுவரை வகுப்பறையில் சண்டை மூட்டுகிறது. இணையத்தில் இதே காரியத்துக்குக் கார் தேவையில்லை, ஒரு பயனர்பெயரை இரண்டு தளங்களில் ஒப்பிட்டாலே போதும். அதனால்தான் அதைச் செய்யவே கூடாது என்கிறேன். 2007இல் வெளிவந்த சாரா பிராட்ஸ்கி, டேவிட் கைல்ஸ் ஆய்வில், பட்டினியை வாழ்க்கை முறையாகக் கொண்டாடும் 12 இணையதளங்களில் ஆய்வாளரே அப்படிப்பட்ட ஒருத்தியாக நடித்து உள்ளே போனார். வெளிப்படையாகக் கேட்டிருந்தால் விரட்டியிருப்பார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும், உடல்நலம் குன்றியவர்களிடம் இல்லாத தோழியாக நடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் தலைப்புக்கு அந்த அவசியமும் இல்லை. சில வாரம் எதையும் சேகரிக்காமல் படியுங்கள். பிறகு அந்தக் குழுவை நிர்வகிப்பவரிடம் பேசுங்கள். அவர் கதவைத் திறக்கலாம், ஆனால் மற்றவர்கள் சார்பில் சம்மதம் தர அவரால் முடியாது. அனுமதி கிடைத்ததும் உங்கள் உண்மையான பெயரில் அறிவியுங்கள். அந்த அறிவிப்பு இரண்டு நாளில் கீழே போய்விடும், புதிதாக வருகிறவர்கள் பார்க்க மாட்டார்கள். ஆகவே உங்கள் கணக்கின் பெயரிலேயே 'ஆய்வாளர்' என்று சேர்த்துவிடுங்கள்.

மாதிரி எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக. ஹெக்கத்தான் 1997இல் முன்வைத்த முறையில் பங்கேற்பவர் ஒவ்வொருவருக்கும் எண்ணி ஒருசில அழைப்புச் சீட்டுகள்தான். சீட்டு பெற்றவர் தனக்குத் தெரிந்தவர்களை அழைத்துவருவார், ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரைத் தெரியும் என்பதை வைத்துக் கணக்கில் அவருக்குரிய எடையைச் சரிசெய்வார்கள். அழகான முறை, இணையத்திலும் செய்திருக்கிறார்கள். ஆனால் அதன் அஸ்திவாரம், மறைந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்கள் என்பது. ஊசி வழி போதைப்பொருள் எடுப்பவர்களுக்கு அது பொருந்தும், வாங்க வேண்டுமே. சிறைவாசியின் மனைவிக்கு இன்னொரு சிறைவாசியின் மனைவியைத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இன்னொன்று: பரிசுத்தொகை உண்டு என்று குறிப்பிட்டுக் கருத்துக்கணிப்பு இணைப்பைப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். ஒரே இரவில் முந்நூறு பதில் வந்திருக்கும், எல்லாம் இரண்டு நிமிட இடைவெளியில், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வழவழப்பான வாக்கியங்கள். பிறகு தானாகப் பதில் போடும் நிரலிலிருந்து ஆளைப் பிரிக்கவே ஒரு மாதம் போய்விடும்.

பதிவுகளோடு நிற்காமல் பத்துப் பதினைந்து பேரிடமாவது பேசுங்கள். குரல் அழைப்புக்கு வராதவர்கள்கூட எழுத்து அரட்டைக்கு வருவார்கள். பொறுமை வேண்டும். 'தட்டச்சு செய்கிறார்' என்று தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். ஆறு நிமிடம் கழித்து "ஆமா" என்று ஒரே ஒரு சொல் வரும். அந்த ஆறு நிமிடத்தையும் குறித்துவையுங்கள், நேர்காணல் எழுத்துப்படியில் அதற்கு இடம் உண்டு. ஆனால் முதல் செய்தி அனுப்புவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அந்தத் தொலைபேசி அவர் கையில் மட்டும் இருப்பதில்லை. பூட்டிய திரையிலேயே செய்தியின் முதல் வரி தெரியும். 'சிறையில் இருக்கும் தங்கள் கணவரைப் பற்றிய ஆய்வு' என்று தொடங்கும் செய்தி மாமியாரின் கண்ணில் பட்டால், இத்தனை நாள் அவர் காத்த ரகசியத்தை உடைத்தது நீங்கள்தான். முதல் வரியில் எந்த விஷயமும் இருக்கக் கூடாது. எந்த நேரத்தில், எந்தத் தளத்தில் எழுதலாம் என்பதை அவரே சொல்லட்டும்.

காப்பாற்ற முடியாத வாக்குறுதியையும் கொடுக்காதீர்கள். 1993இல் அமெரிக்காவில் ரிக் ஸ்கார்ஸ் என்ற சமூகவியல் ஆய்வு மாணவர், தன் தகவலாளர்கள் பற்றி வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் நடுவர் குழுவிடம் சாட்சி சொல்ல மறுத்ததற்காக 159 நாட்கள் சிறையில் இருந்தார். அவ்வளவு துணிச்சல் எல்லோருக்கும் வராது, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. உங்களிடம் இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது என்பதே நடைமுறைப் பாதுகாப்பு. பயனர்பெயர்ப் பட்டியலைப் பகுப்பாய்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள். தண்டனைக்குரிய விவரங்களுக்குள் பேச்சு போனால் நீங்களே திசைதிருப்புங்கள்.

பெரிய அளவில் தரவு இறக்கும் எண்ணம் இருந்தால் அதையும் மறுபடி யோசியுங்கள். 2023இல் ட்விட்டர் ஆய்வாளர்களுக்கான இலவச அணுகலை நிறுத்தியது, ரெடிட்டும் அதே ஆண்டில் கட்டுப்பாடுகளை இறுக்கியது. 2024 ஆகஸ்டில் மெட்டா, பொதுப் பதிவுகளைத் தேடிப் பின்தொடர உதவிய தன் கிரவுட்டேங்கிள் கருவியை மூடியது. மூன்றாண்டு ஆய்வை நிறுவனத்தின் கதவை நம்பித் தொடங்குவது ஆபத்து. ஒரு குழு, ஒரு வருடம், கையால் படித்த இருநூறு உரையாடல் இழைகள் என்பது நல்ல ஆய்வுக்குத் தாராளமாகப் போதும்.

கடைசியாக, அறநெறிக் குழுவுக்கான படிவத்தில் 'பங்கேற்பாளர்கள் ஆய்வேட்டைப் படிக்க வாய்ப்பு உண்டா' என்பது போன்ற கேள்வி வந்தால் பலரும் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் 'உண்டு' என்றே எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தங்களைப் போன்றவர்களைத் தேடித்தான் அவர்கள் அந்தக் குழுவுக்கே வந்தார்கள். அதே தேடலில் உங்கள் ஆய்வேடும் ஒருநாள் வரும், யாராவது இணைப்பைக் குழுவில் போடுவார்கள், அதற்குக் கீழே பதில்கள் வரும். அந்த இழையை நீங்களும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.